பல்லியும் சுண்ணாம்புச் சுவரும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. சித்திரம் எழுதுவோனுக்குச் சுவர் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது பல்லிக்கும். மனிதருக்குச் சுவர் காற்றையும் மழையையும் தடுக்கும் மறைப்பு. பல்லிக்கோ அதுவே நடக்கும் வழி. இரை தேடும் காடு. பகைக்கு அஞ்சி ஒளியும் அரண். கோலாலம்பூரிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் அயல்நாட்டுப் பல்லிகளைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து வளர்ப்போர் இக்காலத்தில் உளர். கூண்டின் உட்சுவருக்கு எதனை ஒட்டினால் பல்லி நன்கு ஏறும் என்பது அவர்கள் கேட்கும் வினாக்களுள் ஒன்று. வினா சிறிதாகத் தோன்றினும் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி சுண்ணாம்போடு தொடர்புடையது. அதன் அண்மைக்கால அதிகாரமோ செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் அமைந்த பத்துமலையில் எழுதப்பட்டிருக்கிறது. இம்மூன்றையும் ஒருங்கே நோக்குவது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும்.

பழந்தமிழர் கண்ட இருவகை நிலம்

சங்கச் சான்றோர் பல்லியை நன்கு அறிந்திருந்தனர். குறுந்தொகையின் 16ஆம் பாட்டு பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றியது. அதில் வரும் பல்லி சிவந்த கால்களை உடையது. கள்ளி வளர்ந்த பாலைக்காட்டில் தன் துணையை அழைப்பது. அதன் ஒலி, வழிப்பறி செய்வோர் தம் அம்பின் கூர்மையை நகத்தில் உரசிப் பார்க்கும் ஒலிபோல் இருந்ததாம். நற்றிணையின் 246ஆம் பாட்டில் வரும் பல்லியோ வீட்டின் உயர்ந்த சுவரில் இருந்து நல்ல நிமித்தம் சொல்லித் தலைவியைத் தேற்றுகிறது. ஒன்று காட்டுப் பல்லி. மற்றொன்று வீட்டுப் பல்லி. பல்லிகளின் வாழ்விடம் ஒன்றன்று என்பதை இவ்விரு பாட்டுகளும் தாமாகவே காட்டிவிடுகின்றன.

எனினும் பிற்காலத்தார் கவனம் பல்லியின் வாயில் நின்றுவிட்டது. அது எத்திசையிலிருந்து ஒலித்தால் என்ன பயன், உடம்பில் எங்கு விழுந்தால் என்ன பலன் என்று கௌளி சாத்திரம் வகுத்தனர். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் விதானத்தில் அமைந்த பொற்பல்லியையும் வெள்ளிப்பல்லியையும் தொட்டு வணங்குவோர் இன்றும் மிகப் பலர். பல்லி விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டவர் பலராயினும், அது பெரும்பாலும் விழாதிருப்பது ஏன் என்று கேட்டவர் அரியர்.

கால்களின் பிடியைப் பற்றித் தமிழில் வழங்கும் ஒரு வழக்கு உண்டு. அஃது 'உடும்புப் பிடி' என்பது. பல்லி இனத்தின் பெரிய உறவாகிய உடும்பு, வளைந்த வலிய நகங்களைப் பாறைப் பிளவிலோ மரப்பட்டையிலோ ஊன்றிவிட்டால் இழுத்தெடுப்பது அரிது. 1670இல் மராட்டிய வீரர் தானாஜி மாலுசரே சிங்ககட் கோட்டையை இரவில் பிடித்தபோது, கயிறு கட்டிய உடும்பு ஒன்றை மதிலில் ஏறவிட்டு, அக்கயிற்றைப் பற்றி வீரர்கள் ஏறினர் என்று கதை வழங்குகிறது. இதனை வரலாற்று உண்மையாகக் கொள்வதற்கில்லை என்பர் ஆராய்ச்சியாளர் பலர். கதை எவ்வாறாயினும் அதனுள் ஓர் உண்மை உண்டு. உடும்பின் பிடிக்குக் கரடுமுரடான மதில் வேண்டும். மெருகிட்ட சுவரில் அதன் நகத்துக்குப் பற்றுக்கோடு இல்லை. வீட்டுப் பல்லியோ அத்தகைய சுவரிலும் ஏறுகிறது. ஆகவே ஏறும் உயிர்களுக்குள் நகத்தால் ஏறுவன, விரலடியால் ஏறுவன என இரு பிரிவு உண்டென்பது பெறப்படும்.

மெருகுச் சுவரில் பிறந்த வினா

விரலடியால் ஏறும் திறனைக் கண்டு வியந்தவருள் பழமையானவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். மரங்கொத்திப் பறவை மரத்தில் எப்படியும் ஓட வல்லது, தலைகீழாகவும் ஓடும் என்று கூறும் இடத்தில், அதற்கு உவமையாக அவர் எடுத்துக்கொண்டது பல்லியை. ஆனால் காரணம் ஆராயப்பட்டது மிகப் பிற்காலத்தில்தான். அதற்கு வித்திட்டது இத்தென்கிழக்காசியப் பகுதியின் ஒரு சுவர்.

கப்பல் தலைவர் குக் என்பாருடன் உலகைச் சுற்றிவந்த இயற்கையறிஞர் ஜோசப் பேங்க்ஸ், 1770இல் யாவாத் தீவின் பத்தேவியா நகரில் தங்கினார். இன்றைய ஜகார்த்தாவே அது. அங்கு மாலை வேளையில் பெரிய பல்லிகள் கூரையிலிருந்து இறங்கி, வழவழப்பான சுவர்மீது ஈக்களைத் தேடித் திரிந்து, மீண்டும் கூரைக்கு ஏறுவதை அவர் கண்டார். இச்செய்தியை அவர் இலண்டன் மருத்துவ அறிஞர் எவரார்டு ஹோமுக்குத் தெரிவித்தார். ஹோம் அப்பல்லியின் பாதத்தை அறுத்து ஆராய்ந்து 1816இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கட்டுரையில் அச்சுவரைக் குறிக்க ஆளப்பட்ட சொல்லே தமிழர் கவனிக்கத்தக்கது. அது 'சுனம்' என்பது. தென்னிந்தியாவில் வாணிகம் செய்த ஆங்கிலேயர் சுண்ணம், சுண்ணாம்பு என்னும் சொற்களிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. வடமொழிச் 'சூர்ணம்' என்பதோடு அதனை உறவுபடுத்துவாரும் உளர்.

சென்னைச் சுனம் ஐரோப்பியரிடையே பெரும்புகழ் பெற்றிருந்தது. கொத்தனார்கள் கடற்சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை நுண்மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுவர். மேற்பூச்சுக்கு மிக நுண்ணிய சுண்ணாம்பை முட்டையின் வெண்கருவோடு குழைப்பர். பின்னர் வழவழப்பான கல்லால் பலமுறை தேய்த்து மெருகேற்றுவர். முடிந்த சுவர் சலவைக்கல்லோ என ஐயுறும்படி மின்னும். செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் அத்தகைய சுவர்களை இன்றும் காணலாம். நகத்துக்குப் பற்றே இல்லாத அத்தகைய மெருகுச் சுவரில் பல்லி தலைகீழாக இறங்குவது கண்டே பேங்க்ஸ் வியந்தார். கரடான சுவரில் கண்டிருந்தால் நகத்தின் வேலை என்று எண்ணி விட்டிருப்பார். ஆகவே, பாதத்தின் மறைபொருளை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது சுண்ணாம்பின் மெருகு எனலாம்.

விடை காணச் சென்ற காலம்

ஹோம் கண்ட விடை தவறானது. பல்லியின் விரலடியில் உள்ள மடிப்புகள் காற்றை வெளியேற்றி உறிஞ்சிப் பிடிக்கின்றன என்று அவர் கருதினார். வேறு சிலர் பசை என்றனர். ஆனால் விரலடியில் பசை சுரக்கும் சுரப்பிகள் இல்லை. சிலர் மின்கவர்ச்சி என்றனர். 1934இல் ஜெர்மானிய ஆய்வாளர் டெல்லிட் செய்த சோதனைகள் இக்கொள்கைகளை அசைத்தன. காற்றை அகற்றிய இடத்திலும் பிடி நின்றது. எக்ஸ் கதிர்களால் மின்கவர்ச்சிக்கு இடமில்லாதபடி செய்தபோதும் பிடி விடவில்லை. 1965இல் ருயிபால், எர்ன்ஸ்ட் என்னும் இருவர் மின்னணு நுண்ணோக்கி வழியாக விரலடி மயிர்களின் அமைப்பை விளக்கினர். 1968இல் ஹில்லர் என்பார், பிடியின் வலிமை சுவர்ப்பரப்பின் பொருளைப் பொறுத்து மாறுகிறது என்று காட்டினார். சுவரை ஆராயாமல் பாதத்தை மட்டும் ஆராய்வது போதாது என்பது அப்போது தெளிவாயிற்று.

முழுவிடை 2000ஆம் ஆண்டிலும் 2002ஆம் ஆண்டிலும் கெல்லர் ஆட்டம் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் உடன் உழைத்தோரும் வெளியிட்ட ஆய்வுகளால் கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்தது இப்பகுதிக்கு உரிய டோக்கே என்னும் பெரும்பல்லியை. அதன் ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் நுண்மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. ஒரு மில்லிமீட்டரை 5,000 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அக்கிளை நுனியின் அகலம். அத்துணை நுண்ணிய நுனிகள் சுவரை மிக அணுகி நிற்கும்போது, மூலக்கூறுகளுக்கிடையே இயல்பாக உள்ள மெல்லிய கவர்ச்சி பல இலட்சம் மடங்காகிப் பெரும்பிடியாகிறது. டச்சு அறிஞர் வான் டெர் வால்ஸ் பெயரால் வழங்கும் விசை அது. விரலைக் கோணம் மாற்றி உரித்தெடுத்தால் பிடி நொடியில் விடுபடும். ஒட்டுவதும் உரிப்பதுமாக, பசையின்றியே பல்லி ஓடுகிறது.

கூண்டின் சுவரைத் தேர்தல்

பல்லியைக் கூண்டில் வளர்க்கும் முறையும் இக்காலத்திலேயே வளர்ந்தது. இலண்டன் விலங்குக் காட்சிசாலை 1849இல் ஊர்வனவற்றுக்கெனத் தனி இல்லம் திறந்தது. 1927இல் அங்குத் திறக்கப்பட்ட புதிய இல்லத்தை ஜோன் புரோக்டர் என்னும் பெண்மணி திட்டமிட்டார். செயற்கைப் பாறைகளையும் தீட்டிய பின்சுவர்களையும் அமைத்து, அந்தந்த உயிரின் இயற்கைச் சூழலைக் கூண்டுக்குள் கொணர முயன்றவர் அவர். இன்று வீட்டுக் கூண்டுகளில் காணப்படும் பாறைபோன்ற சுவர்களுக்கு அவரைப் போன்றோர் முன்னோடிகள்.

மேற்கூறிய ஆராய்ச்சிகளிலிருந்து கூண்டுச் சுவருக்கு உரிய விதிகளை வகுக்கலாம். முதல் விதி, சுவரைத் தேருமுன் பாதத்தைப் பார்த்தல். டோக்கேயும், அழிந்ததாகக் கருதப்பட்டு 1994இல் நியூ கலிடோனியாத் தீவில் மீண்டும் காணப்பட்ட கொண்டைப் பல்லியும் அகன்ற விரலடி உடையவை. இவை கண்ணாடியிலும் ஏறும். ஆயினும் நாள் முழுதும் வெறுங்கண்ணாடியில் வாழ்வது அவற்றின் இயல்பன்று. மறைவிடமும் நகம் ஊன்ற இடமும் அவற்றுக்கும் வேண்டும். பாக்கிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகளைச் சேர்ந்த சிறுத்தைப் பல்லிக்கு விரலடிப் பட்டைகள் இல்லை. அது தரையில் வாழ்வது. உயரமான செங்குத்துச் சுவரை விடத் தாழ்ந்த பாறையடுக்கே அதற்கு ஏற்றது. ஓணான் வகைகளுக்கு நகம் பதியும் பட்டையும் கிளையும் வேண்டும்.

இரண்டாம் விதி, பரப்பின் தன்மையை அறிதல். முழு வழவழப்பும் நல்ல கரடும் பல்லிக்கு ஒக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மிக நுண்ணிய சொரசொரப்பில் மயிர் நுனிகள் முழுதும் பதியாமல் பிடி குறைகிறது என்பது 2007இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு. ஒட்டாத சமையற் சட்டியில் பூசப்படும் டெஃப்லான் உலர்ந்திருந்தால் பல்லியால் அதில் ஏற இயலாது. ஈரமான கண்ணாடியும் இடர் தருவதே. பாதமும் பரப்பும் நனைந்தால் பிடி வெகுவாகத் தளரும் என்று ஆக்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2012இல் காட்டினர். ஆகவே ஈரப்பதத்துக்காகக் கூண்டில் நீர் தெளிப்போர், நான்கு சுவரையும் நனைக்காமல் ஒரு பக்கத்தை உலர விடுதல் நன்று.

மூன்றாம் விதி, பொருளின் குணத்தை ஆராய்தல். தக்கைப் பட்டை இலேசானது, நகம் பதிவது, ஈரத்தால் எளிதில் கெடாதது. மூங்கிலைப் பிளந்து அடுக்கினால் ஏறவும் ஒளியவும் உதவும். தென்னை நார்ப் பாய் ஈரத்தைத் தேக்கும். ஆனால் பிரிந்த நார் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று விரல் பழுதாகும். ஆகவே தளர்ந்த நார்களைக் கத்தரித்துவிட வேண்டும். கம்பி வலையில் நகம் சிக்கும். நுரைப்பலகையைப் பாறைபோல் செதுக்கி மேலே சிமெண்டு பூசுவதும் உண்டு. புதுச் சிமெண்டில் காரம் மிகுதி. பல நாள் நீரில் ஊறவைத்துக் கழுவிக் காரம் போன பின்னரே கூண்டில் வைக்கலாம். பூச்சும் பசையும் நெடி அடங்கி முற்றும் உலர்ந்திருத்தல் வேண்டும். ஒட்டிய பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையே சந்து விட்டால் பல்லி உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளும்.

கரடான சுவர் வேறொரு வகையிலும் உதவுகிறது. தோல் உரிக்கும் காலத்தில் பல்லி அதில் உரசியே பழந்தோலைக் கழற்றும். விரலில் பழந்தோல் வளையம்போல் தங்கிவிட்டால் பிடி கெடுவதோடு விரலையும் இழக்க நேரும். ஆகவே சுவர்த் தேர்வை அழகு பற்றிய செய்தியாக மட்டும் கருதுதல் தவறு. உயிரின் நலம் அதில் அடங்கியிருக்கிறது.

பத்துமலைச் சுவர்

இவ்விதிகளெல்லாம் மனிதர் கட்டும் சுவருக்கு. இயற்கை கட்டிய சுவர் ஒன்று செலாயாங்கின் அண்மையில் நிற்கிறது. பத்துமலை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுடைய சுண்ணாம்புக்கல் குன்று. 1878இல் அமெரிக்க இயற்கையறிஞர் வில்லியம் ஹார்னடே வந்து கண்டபின் அது வெளியுலகில் பெயர் பெற்றது. 1891இல் தம்புசாமிப் பிள்ளை அங்கு முருகனுக்குக் கோயில் அமைத்தார். 1892 முதல் தைப்பூசம் நடைபெறுகிறது. 1920இல் மரப்படிகள் அமைந்தன. இன்று 272 படிகள் ஏறி அடியார்கள் குகைக்குச் செல்கின்றனர். 2006இல் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை எழுந்தது. இவை தமிழர் பலரும் அறிந்த செய்திகள்.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. 2014இல் கிரிஸ்மர் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் மலேசிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட அவர்தம் துணைவரும் பத்துமலையில் புதிய பல்லி இனம் ஒன்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தனர். அதன் அறிவியற் பெயர் சிர்ட்டோடேக்டிலஸ் மெட்ரோபோலிஸ். முற்பகுதிக்கு 'வளைவிரலி' என்பது பொருள். பிற்பகுதி மாநகரைக் குறிக்கும். மாநகரின் ஓரத்தில் வாழ்வதால் அப்பெயர். பத்துமலைக்கே உரிய முதுகெலும்புயிர் இஃது ஒன்றே என்று அவர்கள் எழுதினர். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் ஏறி இறங்கும் குன்றில், நூற்றாண்டுக்கு மேலாக எவரும் தனி இனமென அறியாமல் ஓர் உயிர் இரவுதோறும் பாறைச் சுவரில் நடந்துகொண்டிருந்தது.

வளைவிரற் பல்லிக்கு வீட்டுப் பல்லிபோல் அகன்ற விரலடி இல்லை. மெல்லிய விரல்கள் மூட்டில் மேல்நோக்கி வளைந்து, நுனியில் கூர்நகம் தாங்கி நிற்கும். சுண்ணாம்புப் பாறையில் மழைநீர் அரித்த வரிகளும் குழிகளும் அந்நகத்துக்கு ஏற்ற பிடிமானம். மெருகுச் சுண்ணாம்பில் ஏற வல்லது டோக்கே; மெருகற்ற சுண்ணாம்புக்கல்லில் வாழ்வது பத்துமலைப் பல்லி. பொருள் ஒன்றாயினும் சுவர் வேறு, பாதமும் வேறு.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. கூண்டில் பாறைச் சுவர் செய்ய உதவும் சிமெண்டு எதிலிருந்து வருகிறது? சுண்ணாம்புக்கல்லைச் சுட்டே சிமெண்டு செய்யப்படுகிறது. மலேசியாவின் சுண்ணாம்புக் குன்றுகள் பலவற்றில் கல் வெட்டப்பட்டு வந்துள்ளது. பத்துமலையின் ஒரு பகுதியும் ஒரு காலத்தில் வெட்டப்பட்டது. பின்னரே அது நின்றது. அதே 2014இல் பேராக் மாநிலத்துக் குவா கந்தானில் வேறொரு வளைவிரற் பல்லி கண்டறியப்பட்டது. அது வாழும் குன்றின் ஒரு பகுதியிலும் கல்வெட்டு நடைபெற்றது. கூண்டுக்குள் வாழும் பல்லிக்குப் போலிப் பாறை செய்யும் பொருளும், காட்டுப் பல்லியின் மெய்ப்பாறையும் ஒரே மலையிலிருந்து வருபவை. கூண்டுக்கு வேண்டும் சிமெண்டு ஒரு கைப்பிடிதான். அதனால் மலை கரைந்துவிடாது. வீடும் வீதியும் கட்ட வேண்டும் சிமெண்டுக்கோ அளவில்லை. ஆனால் கூண்டின் சுவருக்காக ஒரு வாரம் சிந்திக்கும் மனம், மலையின் சுவருக்காகவும் சிறிது சிந்தித்தல் தகும்.

பல்லியைப் பிடிப்பதாலும் கேடு வந்துள்ளது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் டோக்கே கொடிய நோய்க்கு மருந்தென்ற ஆதாரமற்ற பேச்சு பரவி, பெரும்பல்லிக்குப் பெரும்பொருள் கிடைக்குமென நம்பி இந்நாட்டிலும் பலர் இரவில் தேடி அலைந்தனர். 2019இல் ஜெனிவாவில் கூடிய பன்னாட்டு மாநாடு டோக்கே வாணிகத்தைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் அடங்கிய உயிரை உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம். வளர்க்க விரும்புவோர் கூண்டுகளிலேயே பிறந்து வளர்ந்த இனங்களை உரிய வழியில் பெறுவதே முறை. ஒரே குன்றில் வாழும் இனத்தை அக்குன்றிலேயே விட்டுவிடுவது அறம்.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு பணி உண்டு. பல்லி விழும் பலன் பற்றி மாணவர் வீட்டிலேயே கேட்டறிந்திருப்பர். வகுப்பறைச் சுவரில் ஒரு பல்லி தோன்றும்போது, அது விழாதிருக்கும் காரணத்தைச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட பழைய லயன் வீடுகளிலும், இன்றைய அடுக்குமாடி வீடுகளிலும் அப்பாடத்துக்கு வேண்டிய கருவி தானே வந்து சுவரில் அமர்கிறது. குறுந்தொகைப் பல்லியின் சிவந்த காலைக் கண்ட புலவரின் கண், பாதத்தின் அடியையும் காணும் கண்ணாக மாணவரிடம் வளரவேண்டும். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறும் சிறுவன், படிக்கட்டின் இருமருங்கும் உள்ள பாறையை ஓர் உயிரின் ஒரே வீடு என்று அறிந்து ஏறுவானாயின், அக்குன்றைக் காக்க வேண்டும் என்று அவனுக்குத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியிராது.